கோண எழுத்து தமிழுக்கும் வரும்
தமிழ் எழுத்து முழுக்க வளைவு, அதனால் மூலை வெட்டிய எதிர்காலப் பாணி எழுத்துரு நமக்குச் சரிவராது என்று இந்தக் கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ட இரண்டே நேர்கோடு, ப மூன்று, இதைவிடக் கோணம் வேறு என்ன வேண்டும்? சிக்கல் சுழியில்தான். போன வருடம் கல்லடியில் எங்கள் கழகத்தின் கிரிக்கெட் ஜேர்சிக்கு நானே கட்டத்தாளில் எழுத்து வரைந்தேன், ண, ன சுழிகளைச் சதுரப் பெட்டிகளாக்கினேன், தாளில் அருமையாக இருந்தது, ஆனால் மைதானத்தின் மறுகரையில் நின்று பார்த்தால் மூன்று சுழி ண வெறும் கறுப்புக் கட்டியாகத்தான் தெரிந்தது. அப்புறம் சுழிக்குள் கோட்டை மெல்லிதாக்கி, எழுத்தை அகலப்படுத்தி, ழ வின் வாலை மட்டும் 45 பாகையில் வெட்டினேன், தூரத்திலிருந்தே வாசிக்க முடிந்தது. மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் வாசிக்கச் சிரமமான எழுத்து எதற்கு என்று கேட்டிருக்கிறார். எல்லாமே அப்படி இல்லை. நெதர்லாந்து வடிவமைப்பாளர் விம் குரோவெல் 1967இல் கணினித் திரைக்காக வரைந்த நியூ அல்ஃபபெட் என்ற ஆங்கில எழுத்துரு வாசிக்கக் கடினம்தான், அது ஒரு பரிசோதனை. 1962இல் வந்த யூரோஸ்டைல் எழுத்துருவோ பழைய டிவித் திரை மாதிரி சதுரமும் வளைவும் கலந்தது, சிரமமில்லாமல் வாசிக்கலாம். பத்தி பத்தியாகக் கோண எழுத்தில் அடிக்கக் கூடாது, தலைப்பு, ஜேர்சி, கடைப் பெயர்ப்பலகை, அவ்வளவுதான். இங்கே சிலர் மரண அறிவித்தல் பதாகைக்கும் இதே எழுத்தைப் போடுகிறார்கள், அதைப் பார்க்க மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.