ஆற்றுக்குத் தர வேண்டிய மணல் பாக்கி

கொலராடோ என்றால் ஸ்பானிய மொழியில் செந்நிறம். பெயருக்கேற்ற மாதிரி செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடிய ஆறு அது. 1963இல் அரிசோனாவில் க்ளென் கேன்யன் அணையின் மதகுகளை மூடினார்கள். அதிலிருந்து கிராண்ட் கேன்யனுக்குள் போவது தெளிந்த, சில்லிட்ட, பச்சைத் தண்ணீர். வண்டலெல்லாம் மேலே, அணை தேக்கிய பவல் ஏரியின் அடியில் தங்கிவிட்டது.

தெளிந்த தண்ணீர் நல்லதுதானே? அந்த ஆற்றுக்கு அது வியாதி. உள்ளே இருக்கும் மணல்திட்டுகளெல்லாம் வெள்ளம் போட்டவை. படகில் போகிறவர்கள் ராத்திரி படுப்பது அவற்றின் மேல்தான். அங்கிருந்து காற்று அள்ளிப் போகும் மணல்தான் தொல்லியல் இடங்கள் பலவற்றை மூடிக் காக்கிறது. புது மணல் வரவில்லை, மின்தேவைக்குத் தக்கபடி தண்ணீர் தினமும் ஏறி இறங்கியது, திட்டுகள் கரைந்தன.

1996இல் வேண்டுமென்றே ஒரு வெள்ளம் விட்டார்கள். ஏழு நாள், வினாடிக்கு 45,000 கனஅடி. திட்டுகள் எழுந்தன, சீக்கிரமே அரிக்கவும் ஆரம்பித்தன. ஆற்றடியில் மணல் இருந்தால்தானே வெள்ளம் அதை எடுத்துக் கரையில் போடும்! அந்த மணலைக் கொண்டுவருவது அணைக்குக் கீழே வந்து சேரும் பரியா என்ற சிற்றாறு. மழைக்காலத்தில் அது கொட்டும் மணல் அடித்துப் போவதற்குள் அணையைத் திறந்தாக வேண்டும். 2012இல் இதையே நடைமுறையாக்கினார்கள். அவ்வளவு பெரிய அணை, தம்மாத்தூண்டு ஆற்றின் கையைப் பார்த்து நிற்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

சரி, மீனுக்கு வருவோம். இங்கேதான் தலை சுற்றும். முதுகில் கூன் விழுந்த ஹம்ப்பேக் சப் கலங்கல் நீரிலேயே வாழ்ந்து பழகியது. 1967இல் அழியும் இனங்களின் பட்டியலில் ஏறியது. அணை நீரின் குளிர் தாங்காமல், குஞ்சு பொரிக்க லிட்டில் கொலராடோ என்ற துணையாற்றுக்குள் ஒதுங்கியது. தூண்டில்காரர்களுக்காக விடப்பட்ட ரெயின்போ ட்ரவுட் அதன் குஞ்சுகளைத் தின்னும். 2008 மார்ச்சில் மணலுக்காக விட்ட வெள்ளம் அந்த ட்ரவுட்டுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது, அவ்வளவு குஞ்சுகள் பிழைத்தன. சப்பைக் காப்பாற்ற ட்ரவுட்டைப் பிடித்துக் கொல்வதையோ, அந்த இரண்டு ஆறுகளும் கூடும் இடத்தைப் புனிதமாகக் கருதும் ஜூனி பழங்குடி மக்கள் எதிர்த்தார்கள்.

அப்புறம் வறட்சி. ஏரி இறங்க, மேல்மட்டத்து வெதுவெதுப்பான நீர் டர்பைன் வழியாக வெளியே வந்தது. சப்புக்கு அது இதம். ஆனால் அதே சூட்டில் 2022இல் ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீன் அணைக்குக் கீழே குஞ்சு பொரித்தது. சப்பைப் பொறுத்தவரை ட்ரவுட்டைவிட மோசமான எதிரி. 2024இல் அணையின் அடிக்குழாய்கள் வழியே குளிர்நீரைக் கலந்து விட்டுத்தான் அதைக் கட்டுப்படுத்தினார்கள்.

வெள்ளத்துக்கும் குளிர்நீருக்கும் திறக்கும் அந்தக் குழாய்களில் போகும் தண்ணீரில் ஒரு யூனிட் மின்சாரம்கூடக் கிடைக்காது. மின்சாரம் வாங்குகிறவர்கள் நஷ்டம் என்கிறார்கள். பொய்யில்லை, அவர்களில் சிறிய ஊர்களும் பழங்குடி மக்களும் உண்டு. ஆனால் அந்த மின்சாரம் மலிவாக இருந்ததே, மணலையும் மீனையும் யாரும் பில்லில் ஏற்றாததால்தான். அணையை இடி என்கிற கூட்டத்தில் நான் இல்லை. ஆனால் வெள்ளத்துக்கு ஆகும் செலவை நஷ்டக் கணக்கில் எழுதுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அது பழைய பாக்கி.

இதில் ஒரு சிக்கல். 2023 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு பார்த்தால் அந்தக் குழாய்களின் உட்பூச்சு பெயர்ந்திருந்தது. மறுபடி பூச வேண்டியதாயிற்று. ஏரி டர்பைன் மட்டத்துக்குக் கீழே போனால் தண்ணீர் வெளியேற இருப்பது அந்த நான்கு குழாய்கள் மட்டும்தான்.