ஹிடிங்க்: வெறும் அதிர்ஷ்டம் இல்லை

2002 கால்பந்து உலகக் கோப்பையில் தென்கொரியா அரையிறுதிக்குப் போனது சொந்த மண் தந்த அதிர்ஷ்டம் என்கிறது அப்போதைய அணிப் பயிற்சியாளர் கூஸ் ஹிடிங்க் பற்றிய ஒரு கட்டுரை. ஏற்க முடியவில்லை. இத்தாலியிடம் 0-1 எனப் பின்தங்கியபோது 63, 68, 83-ஆம் நிமிடங்களில் கிம் டே-யங், கிம் நாம்-இல், ஹாங் மியுங்-போ ஆகியோரை ஹிடிங்க் வெளியே எடுத்தார். மூவரும் தடுப்பு வேலைக்காரர்கள். உள்ளே வந்த மூவரும் தாக்குபவர்கள். பின்வரிசை திறந்து கிடக்கும் என்று தெரிந்தேதான் செய்தார். 88-இல் சியோல் கி-ஹியோன் சமன் செய்தார், 117-இல் ஆன் ஜங்-ஹ்வான் தலையால் முட்டித் தங்க கோல் (கூடுதல் நேரத்தில் ஆட்டத்தை அங்கேயே முடித்துவைக்கும் கோல்). 2006 உலகக் கோப்பையில் ஜப்பானுக்கு எதிராக, அவர் பயிற்றுவித்த ஆஸ்திரேலியாவுக்கும் இதே வைத்தியம்: காஹில், கென்னடி, அலோய்சி மாற்றாக இறங்க, 84-ஆம் நிமிடத்திலிருந்து 3 கோல். 1988-இல் அவர் பயிற்றுவித்த நெதர்லாந்து கிளப் பிஎஸ்வி ஐரோப்பியக் கோப்பை வென்றபோதோ, காலிறுதி தொடங்கி 5 ஆட்டமும் டிரா! இறுதிப் போட்டியில் போர்ச்சுகல் கிளப் பென்ஃபிகாவைப் பெனால்டியில் 6-5 என வீழ்த்தினார்கள். அதிர்ஷ்டம் என்றால் அதைச் சொல்லலாம்; அதைக் கட்டுரை தொடவே இல்லை.