காலி இடம் என்று யார் சொன்னது?

ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தப் படம் நம் பக்கம் சுற்றி வந்துவிடுகிறது. வெள்ளை முடி, மூக்குக்கண்ணாடி, பின்னால் சாயம் உதிர்ந்த மரக்கட்டடம். மேலே ‘ஒரே ஒரு பாட்டி மட்டும் வாழும் ஊர்’ என்று ஒரு வரி. கீழே வழக்கமான கருத்துகள்: பேய் பயம் இல்லையா, அங்கே நிலம் என்ன விலை, பக்கத்து வீட்டுச் சண்டை இல்லாத நிம்மதி, இத்யாதி. இந்த வாரமும் வந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

ஊரின் பெயர் மோனோவி. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், தெற்கு டகோட்டா எல்லையை ஒட்டிய பாய்ட் கவுண்டியில் இருக்கிறது (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி). சுற்றிலும் மேடும் பள்ளமுமான புல்வெளி, மக்காச்சோளம், மாடுகள். அந்தப் பாட்டி எல்ஸி ஐலர். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அவரும் கணவர் ரூடியுமாக இரண்டு பேர் இருந்தார்கள். 2004இல் ரூடி இறந்தார். 2010 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 1. முறைப்படி பதிவு பெற்ற தனி உள்ளாட்சியாக இருந்து, அதில் ஒரே ஒருவர் வாழ்வது அந்த நாட்டில் வேறெங்கும் இல்லை என்பதால்தான் இந்தப் புகழ்.

எல்ஸிதான் மேயர், அவர்தான் செயலர், அவர்தான் பொருளாளர். ஊரில் உள்ள ஒரே வியாபாரமான மோனோவி டேவர்ன் என்ற பாரும் சாப்பாட்டுக் கடையும் அவருடையதுதான். மது விற்பதற்கான உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் மாநில அரசின் விண்ணப்பம் ஊர்ச் செயலருக்கு வருகிறது. செயலர் எல்ஸி அதைக் கடைக்காரர் எல்ஸியிடம் கொடுக்கிறார். கடைக்காரர் பூர்த்தி செய்து கையெழுத்துப் போட்டுச் செயலரிடம் திருப்பித் தருகிறார். சாலைக்கான மாநில நிதி வர வேண்டுமானால் ஊரின் சாலைத் திட்டத்தை ஆண்டுதோறும் எழுதி அனுப்ப வேண்டும். அதையும் அவர் எழுதுகிறார். ஊரில் நான்கு தெருவிளக்குகள் எரிவதற்கும் தண்ணீர் வருவதற்கும் தனக்குத் தானே வரி விதித்து, தானே கட்டி, தானே ரசீது போட்டு வந்திருக்கிறார்.

படிக்கும்போது சிரிப்பு வருவது இயல்புதான். ஆனால் இந்தக் காகிதங்கள்தான் மோனோவியை ஓர் ஊராக வைத்திருக்கின்றன. அவற்றை நிறுத்தினால் அங்கே ஒரு வீடும் ஒரு கடையும் இருக்கும், ஊர் இருக்காது. நம் அலுவலகங்களில் ஒரு கோப்பை நகர்த்த மூன்று மேஜைகளுக்கு அலைந்தவர்களுக்குக் காகிதத்தின் மேல் கோபம் இருக்கும். எனக்கும் உண்டு. எல்ஸி விஷயத்தில் மட்டும் அந்தக் காகிதத்தின் மேல் மரியாதை வருகிறது.

என் எரிச்சல் வேறொன்றின் மேல். அந்தப் பதிவுகள் எல்லாவற்றிலும் ‘ஊர் காலியாகிவிட்டது’ என்று ஒரு வாக்கியம் வரும். மழை பெய்தது, வெயில் அடித்தது என்பது போல, தானாகவே காலியாகிவிட்டதாம். மோனோவியின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால் அந்த மண் ஒருமுறை அல்ல, இருமுறை காலியாக்கப்பட்டிருக்கிறது. காலி என்று முத்திரை குத்திய பிறகு அங்கே எதைக் கொண்டுவந்து போடலாம் என்று வெளியூர்க்காரர்கள் திட்டம் போட்டபடியே இருந்திருக்கிறார்கள்.

முதலில் நமக்குத் தெரிந்த பாதியைச் சொல்லிவிடுகிறேன். 1902இல் எல்க்ஹார்ன் ரயில் கம்பெனி வெர்டிகிரியிலிருந்து வடமேற்கே போன்ஸ்டீல் வரை பாதை போட்டது. வெர்டெல், மோனோவி, லிஞ்ச், பிரிஸ்டோ, ஸ்பென்சர் என்று சில மைல்களுக்கு ஓர் ஊர் அந்தத் தண்டவாளத்தின் மேல் வரிசையாக முளைத்தது. இதில் மர்மம் ஒன்றும் கிடையாது. விவசாயி குதிரை வண்டியில் தானியத்தை ஏற்றிக்கொண்டு போய், விற்று, சாமான் வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். அந்தத் தூரத்துக்கு ஓர் ஊர் தேவைப்பட்டது. குதிரையின் காலை வைத்து அளந்து நட்ட ஊர்கள் இவை. அதே 1902இல் தபால் அலுவலகமும் வந்தது. 1930 கணக்கெடுப்பில் 123 பேர். மளிகைக் கடைகள், உணவு விடுதிகள், தேவாலயம், பள்ளி, ஒரு சிறைச்சாலைகூட இருந்தது. 123 பேருக்குச் சிறை எதற்கு என்று கேட்காதீர்கள், அந்தக் காலத்தில் ரயில் நிற்கும் ஊரில் சனிக்கிழமை இரவு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு குதிரை போனது, லாரி வந்தது. குடியேறிகளுக்கு அரசு நிலத்தைப் பிரித்துக் கொடுத்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் என்று கணக்குப் போட்டது. முப்பதுகளின் வறட்சியிலும் பொருளாதார மந்தத்திலும் பலர் அந்த 160 ஏக்கரை விட்டுப் போனார்கள். மிஞ்சியவர்கள் டிராக்டர் வாங்கினார்கள், வாங்கிய டிராக்டருக்கு 160 ஏக்கர் போதவில்லை, பக்கத்து நிலத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். இன்று நெப்ராஸ்காவில் ஒரு பண்ணையின் சராசரி அளவு ஆயிரம் ஏக்கரை ஒட்டி இருக்கிறது. ஆறு குடும்பங்கள் இருந்த நிலத்தில் ஒரு குடும்பம் என்றால் மளிகைக் கடைக்கும் பள்ளிக்கும் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மோனோவி தேவாலயத்தில் கடைசியாக நடந்த இறுதிச் சடங்கு 1960இல் எல்ஸியின் தந்தைக்கு. தபால் அலுவலகமும் எஞ்சியிருந்த மளிகைக் கடைகளும் 1967க்கும் 1970க்கும் இடையில் மூடப்பட்டன, பள்ளி 1974இல். எழுபதுகளில் அமெரிக்க விவசாயத் துறை பெரிய பண்ணைகளையே ஊக்குவித்தது, அதை நம்பிக் கடன் வாங்கியவர்கள் எண்பதுகளின் வட்டியில் மாட்டிக்கொண்டார்கள். 1980இல் ஊரில் 18 பேர். எல்ஸியின் இரண்டு பிள்ளைகளும் வேலை தேடி வெளியே போனவர்கள்தான்.

எல்ஸியும் ஒருகாலத்தில் போனவர்தான். கான்சஸ் சிட்டியில் விமான நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்திருக்கிறார். திரும்பி வந்து ரூடியைத் திருமணம் செய்துகொண்டு, 1971இல், ஊரில் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டிருந்த நேரத்தில், இருவருமாக அந்த டேவர்னைத் திறந்தார்கள். ரூடி தீராத வாசகர். தன் புத்தகங்களை ஊர் நூலகமாக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் இறந்த பிறகு குடும்பத்தினர் ஒரு சின்னக் கொட்டகையில் ஏறத்தாழ 5,000 புத்தகங்களை அடுக்கி ‘ரூடி நூலகம்’ என்று பெயர் வைத்தார்கள். ஒருவர் வாழும் ஊருக்கு ஐயாயிரம் புத்தகங்கள். தலைக்கு இத்தனை புத்தகம் என்ற கணக்கில் உலகத்தின் எந்த நகரமும் மோனோவியிடம் போட்டி போட முடியாது. பதிவு பகிரும் நண்பர்களே, இதைப் பகிருங்கள்.

இப்போது மற்றப் பாதி. 1902க்கு முன்னால் அங்கே யாரும் இல்லாதது போலத்தான் எல்லாக் கட்டுரைகளும் ஆரம்பிக்கின்றன. நையோப்ராரா ஆறும் பொன்கா ஓடையும் மிசௌரி ஆற்றில் சேரும் அந்தச் சுற்றுவட்டாரம் முழுவதும் பொன்கா என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் மண். ஓடைக்கு இன்றும் அவர்கள் பெயர்தான். அவர்கள் அரசோடு சண்டை போட்டவர்கள்கூட இல்லை. 1858இல் ஒப்பந்தம் செய்து பெரும்பகுதி நிலத்தைக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் ஒதுங்கிக்கொண்டார்கள். 1868இல் லாரமி கோட்டையில் லகோட்டா என்ற இன்னொரு பழங்குடி மக்களோடு அரசு இன்னோர் ஒப்பந்தம் போட்டபோது, அந்த மிச்சத்தையும் தவறுதலாக லகோட்டாக்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. தவறு என்று தெரிந்த பின்னும் அரசு அதைத் திருத்தவில்லை. 1877இல் பொன்காக்களை ஊரோடு கிளப்பித் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். வழியிலும் போன இடத்திலும் நோயிலும் பசியிலும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

அவர்களின் தலைவர்களில் ஒருவர் ஸ்டாண்டிங் பியர். அவருடைய மகன், தன்னைச் சொந்த மண்ணில் புதைக்கச் சொல்லிவிட்டு அங்கே இறந்தான். 1879 ஜனவரிக் குளிரில் மகனின் உடலோடு, சுமார் முப்பது பேரை அழைத்துக்கொண்டு தந்தை வடக்கே நடந்தார். அனுமதியில்லாமல் கிளம்பியதற்காக ராணுவம் பிடித்து வைத்தது. ஒமாஹா நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. அரசு வழக்கறிஞரின் வாதம் என்ன தெரியுமா? இந்தியர் (பழங்குடியினரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்) என்பவர் சட்டத்தின் கண்ணில் ஒரு ‘நபர்’ ஆகமாட்டார், ஆகவே ஆட்கொணர்வு மனு போடும் உரிமையே அவருக்குக் கிடையாது என்பது. நீதிபதி எல்மர் டண்டி 1879 மே மாதம், இந்தியரும் சட்டப்படி நபர்தான் என்று தீர்ப்பளித்தார். பிறகுதான் ஸ்டாண்டிங் பியர் மகனைப் புதைக்க முடிந்தது. ஒரு மனிதரை ஒரு மனிதராக எண்ணிக்கொள்ள நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. மோனோவியின் மக்கள்தொகை வரலாற்றை நான் எழுதினால் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

1889இல் லகோட்டாக்களின் பெருநிலத்தையும் அரசு துண்டு போட்டது. 1891இல் பாய்ட் கவுண்டி உருவானது. ‘காலி நிலம், வாருங்கள்’ என்று குடியேறிகளை அழைத்தார்கள். அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் அடுத்த நூற்றாண்டு காலி செய்தது. இரண்டையும் ஒன்றாகத் தராசில் வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். துப்பாக்கி முனையில் துரத்தப்படுவதும் வட்டி கட்ட முடியாமல் வண்டி ஏறுவதும் ஒன்றில்லை. ஆனால் இரண்டு முறையும் முடிவெடுத்தவர்கள் அந்தப் புல்வெளியில் வாழாதவர்கள்.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இதற்கு இன்னும் நல்ல சாட்சி. நெப்ராஸ்கா, கான்சஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சாஸ், லூசியானா என்று ஐந்து மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, தங்களுடைய குறைந்த வீரியக் கதிரியக்கக் கழிவை எல்லாம் கொட்டுவதற்கு ஓர் இடம் தேடின. ஆள் குறைவான இடம். 1989இல் கண்டுபிடித்த இடம் பாய்ட் கவுண்டி, அதன் தலைநகரான பியூட் ஊரின் பக்கம். அணுமின் நிலையங்களின் குப்பைக்கு, ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் மூடிக்கொண்டிருந்த ஒரு விவசாயக் கவுண்டி. வேலையும் பணமும் வரும் என்று சிலர் ஆதரித்தார்கள், பலர் எதிர்த்தார்கள், ஆண்டுக்கணக்கில் அக்கம்பக்கத்தார் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். 1998இல் மாநில அரசு உரிமம் மறுத்தது. மற்ற மாநிலங்கள் விடவில்லை, வழக்கு நடந்து நெப்ராஸ்கா 141 மில்லியன் டாலர் கொடுத்துத்தான் விடுபட்டது. ‘எங்கள் கவுண்டி காலி இடம் அல்ல’ என்று சொல்வதற்கு ஒரு மாநிலம் கட்டிய அபராதம் அது என்றுதான் நான் படிக்கிறேன். பின்னாளில் கீஸ்டோன் எக்ஸ்எல் எண்ணெய்க் குழாய்க்கும் இதே கவுண்டி வழியாகத் தடம் போட்டார்கள். அது 2021இல் கைவிடப்பட்டது.

2018இல் ஆர்பீஸ் என்ற சாண்ட்விச் நிறுவனம் தங்கள் கடைகளில் பெப்சிக்குப் பதில் கோக் கிடைக்கும் என்ற மகத்தான செய்தியை அறிவிக்க, உலகின் மிகப் பெரிய விளம்பரப் போஸ்டரை விரித்துக் கின்னஸில் இடம் பிடித்தது. எங்கே விரித்தார்கள்? மோனோவியில். இதில் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனாலும் ஏக்கர் கணக்கில் துணி விரிக்க யாரும் மன்ஹாட்டனைத் தேடிப் போவதில்லை.

கடைசியாக 2020 கணக்கெடுப்பு. முடிவு வெளியானபோது மோனோவியின் மக்கள்தொகை 2. ஒரே பத்தாண்டில் நூறு சதவீத வளர்ச்சி! செய்தியாளர்கள் போன் போட்டுக் கேட்டால், அந்த இன்னொருவர் யார் என்று எல்ஸிக்கே தெரியவில்லை. விளக்கத்தைக் கணக்கெடுப்புத் துறையே சொன்னது. தனிநபர் தகவலை யாரும் துருவி எடுத்துவிடாமல் இருக்க, சிறிய பகுதிகளின் எண்ணிக்கையில் வேண்டுமென்றே கொஞ்சம் மாற்றிப் போடும் கணித முறையை அந்த ஆண்டு புகுத்தியிருந்தார்கள். மாநில மொத்தத்தில் கை வைப்பதில்லை, கிராமங்களில்தான் ஒன்றிரண்டு கூடும் குறையும். அந்தக் கூடுதல் ஒன்று மோனோவியில் வந்து விழுந்தது.

முறையில் தப்பு சொல்லமாட்டேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைக்கக் கணக்கெடுப்புத் தகவல் உதவியது என்ற வரலாறு அந்த நாட்டுக்கு உண்டு, கவனமாக இருக்கத்தான் வேண்டும். ஆனால் நெடுஞ்சாலையில் பெயர்ப்பலகை, அதில் 1 என்ற எண், உலகப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் புகைப்படம், நம் ஊர் வாட்ஸ்அப் வரை வந்துவிட்ட முகம். எல்ஸியின் அந்தரங்கத்தைக் காக்க இல்லாத ஒரு மனிதரைக் குடியமர்த்தியதை நினைத்தால், ஒரு காலத்தில் இருந்த மனிதர்களை ‘நபர்’ இல்லை என்று அதே மாநிலத்தில் வாதாடியது ஞாபகம் வருகிறது. எண்ணுகிற கை எப்போதும் அரசாங்கத்துடையது.

அமெரிக்கச் சட்டப்படி கணக்கெடுப்புப் படிவங்களை 72 ஆண்டுகளுக்குப் பிறகுதான் பொதுமக்கள் பார்க்கலாம். 1950ஆம் ஆண்டின் படிவங்கள் 2022இல் திறக்கப்பட்டுவிட்டன. அன்றைய மோனோவிக்காரர்களைப் பெயர், வயது, தொழில் என்று வரிவரியாக இன்று யாரும் இணையத்தில் படிக்கலாம். 2020இன் படிவம் 2092இல் திறக்கும். கணக்கைக் குழப்பியது வெளியிட்ட எண்ணில்தான், மூலப் படிவத்தில் இல்லை. ஆகவே அந்த இரண்டாவது ஆளைத் தேடி அன்றைக்கு யாராவது உட்கார்ந்தால், ஒரு வரிதான் இருக்கும்.