ராத்திரி யார் இருப்பார்கள் என்று கேளுங்கள்

சென்னையில் முதியோர் குடியிருப்பு தேடுவோர் முன்பணத்தையும் மாதக் கட்டணத்தையும் ஒப்பிடச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான், ஆனால் அது போதாது. அம்மாவுக்காகத் தாம்பரம் பக்கம் நாலு இடம் பார்த்தேன். ஒன்றில் வரவேற்பறை முழுக்கப் பளிங்கு. குளியலறை வாசலிலோ அரையடிப் படி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை. இன்னொன்றில் இரவில் நர்ஸ் கிடையாது, காவலாளி மட்டும்தான். சாப்பாட்டு நேரத்தில் போய் அங்கிருக்கும் பெரியவர்களிடம் பேசுங்கள். படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா, முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அப்புறம், 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் இல்லங்களைப் பற்றி இலவசமாகக் கேட்கலாம். அம்மா தேர்ந்தெடுத்தது சின்ன இடம்தான். சமையல்கார அம்மா முதல் நாளே, "காபிக்குச் சர்க்கரை எவ்வளவும்மா?" என்று கேட்டாராம்.