இணையுங்கள், ஆனால் ரீலிங் பெண்களிடமும் கேளுங்கள்

அப்பா வேலை பார்த்த நூற்பாலையில் இரண்டு சங்கங்கள் இருந்தன. தொண்ணூறுகளின் நடுவில் அவை ஒன்றாயின. பக்கத்து ஊர் ஆலையிலும் இப்போது அதே பேச்சு நடக்கிறதாம். அதனால்தான் எழுதுகிறேன்.

இணைப்பு தேவைதான். முன்பெல்லாம் நிர்வாகம் சிறிய சங்கத்தைக் கூப்பிட்டு, அன்றைய தொழில் தகராறு சட்டத்தின் 18(1) பிரிவின்படி நேரடியாக ஓர் ஒப்பந்தம் போட்டுவிடும். சட்டப்படி அது கையெழுத்துப் போட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். ஆனால் அதே தொகையைக் காட்டி, "அவங்களே ஒத்துக்கிட்டாங்க, உங்களுக்கு மட்டும் என்ன?" என்று பெரிய சங்கத்தை மடக்குவார்கள். ஒன்றான பிறகு அது நடக்கவில்லை. அடுத்த தீபாவளி போனஸ் அன்று அப்பா இரண்டு கிலோ இனிப்போடு வந்தார்.

நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவில் இருந்த அத்தைக்குக் கிடைத்தது வேறு. அவருடைய சிறிய சங்கத்தின் செயற்குழுவில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். புதிய செயற்குழுவில் ஒருவர்கூட இல்லை. கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று சொல்லக்கூட ஆள் இல்லை. மாதாமாதம் அவர்கள் கட்டிவந்த குடும்ப நிதி பொதுக்கணக்கில் கரைந்துபோனது. மாமா இறந்தபோது அந்தப் பணத்துக்காக அத்தை மூன்று மாதம் சங்க அலுவலகத்துக்கு நடந்தார். "அது பழைய சங்கத்துக் கணக்கும்மா" என்றார்கள். வாங்காமலே விட்டுவிட்டார்.

அன்றைக்கு இருந்த 1926 தொழிற்சங்கச் சட்டத்தின் 24வது பிரிவைப் பின்னாளில் படித்தேன். ஒவ்வொரு சங்கத்திலும் வாக்குரிமை உள்ளவர்களில் பாதிப்பேராவது வாக்களிக்க வேண்டும். விழுந்த வாக்குகளில் 60 சதவீதமாவது ஆதரவாக இருக்க வேண்டும். நிதியைப் பிரித்துக்கொண்டும் இணையலாம், பிரிக்காமலும் இணையலாம் என்று அதே பிரிவில் இருக்கிறது! அத்தையிடம் அதை யாரும் சொல்லவில்லை. சீட்டில் இருந்தது "இணைப்புக்குச் சம்மதமா?" என்ற ஒரே கேள்வி.

பிரிட்டனில் 1993இல் நால்கோ, நியூப்பி, கோஸி என்ற மூன்று பொதுத்துறைச் சங்கங்கள் சேர்ந்து யூனிசன் உருவானது. நால்கோவில் பெரும்பாலும் அலுவலக ஊழியர்கள். நியூப்பியில் துப்புரவு, சமையல் வேலை செய்த பெண்கள் ஏராளம். இவர்கள் அவர்களுக்குள் காணாமல் போயிருக்கலாம். ஆனால் பெண் உறுப்பினர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பிரதிநிதித்துவம் என்று விதியிலேயே எழுதினார்கள். தேசியச் செயற்குழுவில் குறைந்த சம்பளம் வாங்கும் பெண்களுக்கென்றே தனி இடங்களும் வைத்தார்கள்.

பக்கத்து ஊர்த் தோழர்களே, வாக்குச்சீட்டு அச்சுக்குப் போகும் முன் ஒரு வாயிற்கூட்டம் போடுங்கள். செயற்குழுவில் ரீலிங்குக்கு எத்தனை இடம், குடும்ப நிதி யார் கணக்கில் இருக்கும் என்பதை எழுத்தில் காட்டுங்கள். அரை ஷிப்ட் பெண்களும் வரக்கூடிய நேரமாகப் பார்த்து வையுங்கள்.