டெலிமான் பெயரைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கு

சனிக்கிழமை உரையின் காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. பரோக் காலத்து (ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை) ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் பற்றி ஒன்றரை மணி நேரம் பேச்சு. பாக், ஹேண்டல், விவால்டி எல்லாருக்கும் மரியாதை. அதே காலத்து ஜெர்மானிய இசையமைப்பாளர் கியார்க் ஃபிலிப் டெலிமானுக்கு மட்டும் ஒரே வரி: "மூவாயிரத்துக்கு மேல் எழுதித் தள்ளியவர், அவ்வளவுதான்." அரங்கமே சிரித்தது.

நிறைய எழுதியது குற்றமா?

1722-ல் லைப்சிக் நகரின் புனித தோமா தேவாலய இசைத் தலைவர் குனாவ் இறந்தார். நகர சபை அந்த இடத்துக்கு முதலில் விரும்பியது டெலிமானை. அவர் அந்த அழைப்பைக் காட்டி, தான் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஹாம்பர்கில் சம்பளத்தை உயர்த்தி வாங்கிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அடுத்து கிராப்னர் என்ற இன்னொரு இசையமைப்பாளரைக் கேட்டார்கள், அவருடைய பிரபு அவரை விடவில்லை. அதற்குப் பிறகுதான் 1723-ல் பாக்குக்கு அந்த வேலை கிடைத்தது. அன்றைய ஜெர்மனியில் யார் பெயர் பெரிது என்பதற்கு இது போதாதா?

பாக்கை மட்டம் தட்டுகிறாயா என்று சண்டைக்கு வருவீர்கள். இல்லை. பாக்கின் முன்னால் நான் வாயே திறக்க மாட்டேன். ஆனால் அதே பாக், தன் மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேலின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தந்தையாக அழைத்தது டெலிமானைத்தான். அந்த 'ஃபிலிப்' இவர் பெயர். 1733-ல் டெலிமான் வெளியிட்ட விருந்திசைத் தொகுப்புக்குச் சந்தா கட்டியவர்களில் ஹேண்டலும் ஒருவர். பாக்கும் ஹேண்டலும் மதித்த மனிதரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம்.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், நான் வயோலாக்காரி. வயோலா என்பது வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட வாத்தியம். 29 வயதில் வயலின் கற்க ஆரம்பித்தேன். "வயலினுக்கு ஆள் நிறைய, வயோலாவுக்குத்தான் ஆளே இல்லை" என்று என் ஆசிரியர் அதைக் கையில் கொடுத்தார். தேவாலயக் குழுவில் நடுவில் உட்கார்ந்து, யார் காதிலும் தனியாக விழாத சுரங்களை வருடக்கணக்கில் வாசித்தேன். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் அம்மா கேட்பார், "அதுல உன் சத்தம் எதும்மா?" பிறகு ஒருநாள் டெலிமானின் ஜி மேஜர் கான்செர்ட்டோ (தனி வாத்தியம் ஒன்று இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு) கைக்கு வந்தது. வயோலாவை முன்னால் நிறுத்தி எழுதப்பட்ட மிகப் பழைய கான்செர்ட்டோக்களில் அதுவும் ஒன்று. முதல் பகுதியின் நீண்ட, மெதுவான சுரங்களை வீட்டில் வாசித்தபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

எழுதியது எல்லாம் தரமா என்றால், இல்லை. இருக்கட்டுமே. போலந்தின் சத்திரங்களில் பைக்குழல்காரர்கள் வாசித்ததை மதித்துக் கேட்டு, அதிலிருந்து கற்றுக்கொண்டவர் அவர். அச்சுத் தகடுகளைத் தானே செதுக்கினார். வீட்டில் வாசிப்பவர்களுக்காக 1728-ல் இரு வாரத்துக்கு ஒருமுறை இசை இதழே நடத்தினார். பல பகுதிகள் கொண்ட வாத்தியப் படைப்பான சொனாட்டாவின் ஒரு பகுதி இந்த இதழில் வரும், தொடர்கதைபோல மிச்சம் அடுத்த இதழில். மேதைகளுக்கு மட்டும் எழுதாமல் நமக்கும் சேர்த்து எழுதினார். அதற்காகவா இந்தச் சிரிப்பு?

இன்னொன்று. பாக் படைப்புப் பட்டியலில் 160 என்று எண் பெற்ற காண்டாட்டா (வாத்தியங்களோடு பாடும் படைப்பு) உண்மையில் டெலிமானுடையது. பாக் பெயர் இருந்தவரை அதைப் பார்த்து யாரும் இப்படிச் சிரிக்கவில்லை.

அன்று உரை நடந்த அரங்கில் என் பக்கத்தில் என்னிடம் வயோலா கற்கும் பதினோரு வயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கான்செர்ட்டோவின் இரண்டாம் பகுதியை இப்போதுதான் தொடங்கியிருக்கிறாள். எல்லாரும் சிரித்தபோது என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது கேட்டாள்: "மிஸ், அப்போ நாம வாசிக்கிறது நல்ல பீஸ் இல்லையா?"