அட்மின் அண்ணே, அது அரசியல் இல்ல, நோட்டு

கொஞ்ச நாளா சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன், இன்னைக்கு எழுதிடறேன். நீளமா போகும், தடையத் தாண்டி நெட் பாக்கறதுக்குப் போடற விபிஎன் வேற நடுவுல நடுவுல புடுங்கிக்குது, பொறுமை இருக்கறவங்க படிங்க.

பழைய நோட்டு, காசு சேர்க்கற நம்ம பர்மாத் தமிழ் ஆளுங்க குரூப் ஒண்ணு ஃபேஸ்புக்ல இருக்கு. பேர் சொல்ல மாட்டேன். உள்ள இருக்கறவங்களுக்கு ரெண்டு வரியிலயே புரிஞ்சிடும், வெளிய இருக்கறவங்களுக்கு பேர் தேவையில்ல. ரங்கூன், மோல்மீன், தட்டோன்ல இருக்கறவங்க, அறுபதுகள்ல இங்க பர்மாவுலேர்ந்து கப்பல் ஏறிப் போய் வியாசர்பாடிலயும் திருச்சிலயும் குடியேறினவங்களோட பிள்ளைங்க பேரப்பிள்ளைங்க, இந்திய எல்லையில மோரேல கடை வச்சிருக்கறவங்கன்னு எல்லாரும் அதுல உண்டு. பர்மா நோட்டு பத்தி தமிழ்ல உட்கார்ந்து பேச எனக்குத் தெரிஞ்சு வேற உருப்படியான இடம் கிடையாது, அதனாலதான் இவ்ளோ வயித்தெரிச்சல்.

அங்க இப்போ வாயத் தொறக்க முடியல. ஒண்ணு போட்டா தூக்கிடறாங்க. ஏன் தூக்கினீங்கன்னு கேட்டா அந்தக் கேள்வியையும் தூக்கிடறாங்க. திரும்பக் கேட்டா ஆளையே தூக்கிடறாங்க, ஒரு நாள் காலைல எழுந்து பார்த்தா குரூப்பே உங்க லிஸ்ட்ல இருக்காது, என்ன தப்பு பண்ணினோம், யார்கிட்ட போய் கேக்கறது, ஒண்ணும் தெரியாது.

விதி நம்பர் ஒண்ணு: அரசியல் பேசக்கூடாது. கேக்க நல்லாத்தான் இருக்கு. செடி வளர்க்கற குரூப்புக்கு சரி, மீன் தொட்டி குரூப்புக்கு சரி. பர்மா நோட்டு சேர்க்கறவன் அரசியல் இல்லாம என்னத்த பேசறது சொல்லுங்க? நோட்டோட நீளம் அகலமா?

ஆல்பத்த எடுத்து எந்தப் பக்கத்த வேணா புரட்டுங்க. 1942ல ஜப்பான்காரன் வந்ததும் அடிச்சு விட்ட ரூபாய் நோட்டு இருக்கும், பர்மாவுக்குன்னு தனியா 'பி' எழுத்து போட்டது, மலாயாவுக்குன்னா 'எம்'. 45ல வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அத்தனையும் வெறும் காகிதம், கட்டுக்கட்டா வச்சிருந்தவங்க கதி என்னாச்சுன்னு இங்க பல வீட்ல ஒரு கதை இருக்கு. அடுத்த பக்கத்துல இந்தியா ரிசர்வ் பேங்க் நோட்டு மேலயே பர்மா ராணுவ நிர்வாகம், பர்மாவுல மட்டும் செல்லும்னு இங்கிலீஷ்ல அச்சு குத்தினது இருக்கும். ஒரு சின்னப் பையன் வந்து இந்திய நோட்டுல ஏண்ணே பர்மான்னு அடிச்சிருக்குன்னு கேக்கறான்னு வைங்க. 1937ல பர்மாவ இந்தியாலேர்ந்து பிரிச்சதையும், அதுக்கப்புறமும் 47 வரைக்கும் அந்த ரிசர்வ் பேங்க்தான் இங்க நோட்டு விட்டுக்கிட்டு இருந்ததையும் சொல்லாம அவனுக்கு எப்படி பதில் சொல்றது? அச்சுப்பிழை தம்பின்னு சொல்லி அனுப்பிடவா?

சரி, சுதந்திரத்துக்கு அப்புறம் வாங்க. 1964 மே 17, 50 கியாட்டும் (கியாட்தான் இங்க காசு) 100 கியாட்டும் செல்லாது. 1985 நவம்பர்ல மறுபடி 50ம் 100ம் செல்லாது, அதுக்குப் பதிலா 75 கியாட்னு ஒரு நோட்டு, அப்போ நாட்ட ஆண்டுக்கிட்டு இருந்த நே வினோட 75வது பிறந்தநாளுக்காக அடிச்சதுன்னு சொல்வாங்க. மறு வருஷம் 15ம் 35ம் புதுசா வந்துச்சு. 1987 செப்டம்பர் 5ந் தேதி பார்த்தா 25, 35, 75 மூணும் செல்லாது, இந்தத் தடவை மாத்திக்கவும் முடியாது, ஈடும் கிடையாது. அதே மாசம் 22ந் தேதி 45ம் 90ம் வருது. கூட்டிப் பாருங்க, ரெண்டுலயும் ஒம்பது, அவருக்கு ராசியான எண். உலகத்துல நோட்டு சேர்க்கறவங்க பர்மா நோட்டுன்னாலே கண்ணு விரியறது இதுக்குத்தான், இந்தக் கதைய எடுத்துட்டா 90 கியாட் நோட்டு கலர் காகிதம், அவ்ளோதான்.

அந்த 90லதான் பிரச்சனையே ஆரம்பிச்சது. மோல்மீன்லேர்ந்து ஒரு தங்கச்சி, புதுசா சேர்ந்தது, அந்த நோட்ட ஃபோன்ல படம் புடிச்சு போட்டு "இது என்ன கணக்கு, 90ன்னு யாராச்சும் நோட்டு அடிப்பாங்களா, இதுல இருக்கற தாத்தா யாரு"ன்னு கேட்டுச்சு. இத விட நல்ல கேள்வி அந்த குரூப்ல அதுக்கு முன்னாடி வந்ததில்ல.

பதில் சொன்னவர் ஒரு அய்யா. எண்பது தாண்டினவர், பெகு பக்கம் பொறந்து இப்போ சென்னைல இருக்கார், ஒத்த விரல்ல தட்டுவார் போல, ஒரு கமெண்ட் வர அரை மணி ஆகும், ஆனா வந்தா எல்லாரும் வேலைய விட்டுட்டு படிப்போம். அந்தத் தாத்தா சாயா சான், தாராவதி பக்கம் வைத்தியம் பார்த்தவர், நெல் விலை விழுந்து தலைவரி கட்ட முடியாம ஜனங்க தவிச்ச 1930ல வெள்ளைக்காரனுக்கு எதிரா கிளம்பினவர், மறு வருஷம் தூக்குல போட்டுட்டாங்கன்னு எழுதினார். அதோட நிறுத்தல. அந்தக் கோபம் வெள்ளைக்காரன் மேல மட்டும் இல்ல, நம்ம செட்டியாருங்க வட்டிக் கடைங்க மேலயும் இருந்துச்சு, கடன் திரும்பாம போய் முப்பதுகளோட கடைசியில கீழ் பர்மாவுல நெல்லு விளையற நிலத்துல கால்வாசி செட்டியாருங்க கைக்கு வந்துடுச்சு, நாம நாலு பேர் உட்கார்ந்து பேசும்போது இத மறைக்கக்கூடாதுன்னு எழுதினார். எவ்ளோ நிதானமான பேச்சு. யாரையும் திட்டல, யாரையும் தூக்கியும் வைக்கல.

அப்புறம் யாரோ 64 எப்படி இருந்துச்சுன்னு கேக்கப் போய் அவங்க வீட்டுக் கதைய ஆரம்பிச்சார். ரேடியோவுல செய்தி கேட்டுட்டு அவங்க அம்மா அரிசி டின்னுக்குள்ள கைய விட்டு நூறு கியாட் கட்ட எடுத்தாங்களாம், தரையில உட்கார்ந்து ஒண்ணொண்ணா எண்ணினாங்களாம், எண்ணி முடிச்சுட்டு மறுபடி அந்த டின்னுக்குள்ளயே வச்சு மூடிட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்களாம். அப்பா ஏன் எண்ணினேன்னு கேட்டதுக்கு, எவ்ளோ போச்சுன்னு தெரிய வேணாமான்னாங்களாம். கீழ வரிசையா எங்க வீட்லயும், எங்க தாத்தாவும்னு ஆளாளுக்கு எழுத ஆரம்பிச்சாங்க.

மறுநாள் அந்தப் பதிவு இல்ல. தங்கச்சி போட்ட படத்தோட, அய்யா எழுதினதோட, கீழ இருந்த அத்தனையும் போச்சு. அதுக்குப் பதிலா ஒரு அறிவிப்பு, விதி 1 மீறல், இனப் பிரச்சனையத் தூண்டற பேச்சு, இனிமே உடனடி நீக்கம்னு. அய்யா மரியாதையா "தம்பி, எதுல தப்புன்னு சொன்னா திருத்திக்கறேன்"னு கேட்டார். அவரையும் எடுத்துட்டாங்க. ஆளை எடுக்கும்போது அவர் சமீபத்துல போட்டதெல்லாம் சேர்த்து அழிக்கவான்னு ஃபேஸ்புக் ஒரு டிக் காட்டும், அதையும் போட்டிருப்பாங்க போல, ஏன்னா வேற பதிவுகள்ல அவர் அந்த வாரம் எழுதினதும் இல்ல.

இங்கதான் எனக்கு ஆறல. கிரிக்கெட் குரூப்ல ஒரு கமெண்ட்ட அழிச்சா ஒண்ணும் குடி முழுகிப் போகாது, அதே விஷயம் இன்னும் ஆயிரம் இடத்துல கிடக்கும். பர்மாத் தமிழன் ஒருத்தர் எண்பது வயசுல ஒத்த விரல்ல தட்டினதுக்கு வேற பிரதி எங்க இருக்கு? எந்த லைப்ரரில இருக்கு? அவரே எடுத்து வச்சிருக்க மாட்டார், அவருக்கு ஸ்க்ரீன்ஷாட் எடுக்கத் தெரியுமான்னே தெரியல. பட்டன அமுக்கினவருக்கு அது 'தேவையில்லாத கமெண்ட்'. நமக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு.

அட்மின் பக்கத்தையும் சொல்லணும், சொல்லாட்டி அநியாயம். அவர் இங்கதான் இருக்கார், ரங்கூன்ல. 2021 பிப்ரவரிலேர்ந்து ஃபேஸ்புக்கே தடை, நாம எல்லாரும் விபிஎன் போட்டுத்தான் உள்ள வர்றோம். ரோட்ல நிறுத்தி ஃபோன வாங்கிப் பாக்கறாங்க, ஷேர் பண்ணினதுக்கும் லைக் போட்டதுக்கும் கேஸ் வந்திருக்கு. குரூப் அவர் பேர்ல இருக்கு, ஏதாச்சும்னா முதல்ல தட்டற கதவு அவரோடது. சென்னைல உட்கார்ந்துக்கிட்டு "தைரியமா இருங்க அட்மின்"னு கமெண்ட் போடறவங்கள பார்த்தா எனக்கே எரிச்சல் வரும். நானும் இந்தப் பதிவ திரும்பத் திரும்பப் படிச்சு சில வரிய எடுத்துட்டுத்தான் போடறேன், எத எடுத்தேன்னு கேக்காதீங்க.

ஆனா பயம்னா பயம்னு சொல்லுங்கண்ணே. "அய்யா, காலம் சரியில்ல, இது வேணாமே"ன்னு இன்பாக்ஸ்ல ஒரு வரி, அவரே சந்தோஷமா எடுத்திருப்பார், அந்த மனுஷன் பாக்காத பயமா. நீங்க சொன்னது அது இல்லையே, இனப் பிரச்சனையத் தூண்டறார்னு சொன்னீங்க. சாயா சான் யாருண்ணே, இந்த நாட்டு கவர்மெண்டே படம் போட்டு நோட்டு அடிச்ச ஆளு! 45 கியாட்ல இருக்கறவரும் 1938ல எண்ணெய்க் கிணறு தொழிலாளிங்க ஸ்ட்ரைக்க நடத்தின தக்கின் போ லா ஜி. அவங்க படத்த நோட்டுல போடலாமாம், பேர நோட்டு பத்தின குரூப்ல போடக்கூடாதாம்.

பயம் மட்டும்தான் காரணம்னு நான் நம்பாததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அதே வாரம் ஒருத்தர் பர்மாவ ஆண்ட மிண்டோன் ராஜா காலத்து மயில் காசு விக்கறேன்னு போட்டார், அட்மினுக்கு வேண்டப்பட்டவர். வெள்ளி ரூபாய். தட்டோன் தம்பி ஒருத்தன் வாங்கி எடை போட்டிருக்கான், சுமார் 11.6 கிராம் இருக்க வேண்டியது 9ஐ தாண்டல, விளிம்புல உருக்கி ஊத்தின போலிக் காசுல வர்ற வார்ப்புக் கோடு அப்படியே கண்ணுக்குத் தெரியுது, மயில் தோகையில வரி வரியா இருக்க வேண்டிய இடம் மொழுமொழுன்னு சோப்பு தேஞ்ச மாதிரி இருக்கு. தராசு மேல காச வச்சு படம் புடிச்சு கமெண்ட்ல போட்டான், அண்ணே இது வார்ப்புங்க, யாரும் வாங்காதீங்கன்னு. எது போச்சுன்னு நினைக்கறீங்க? தம்பி கமெண்ட் போச்சு, 'உறுப்பினரை அவமதித்தல்'. விக்கற பதிவு இன்னைக்கும் இருக்கு. குரூப்ல விலை கேக்கக்கூடாதுன்னு ஒரு விதி உண்டு, இன்பாக்ஸ்ல விக்கறதுக்கு எந்த விதியும் இல்ல. ரங்கூன் ஸ்காட் மார்க்கெட் கடைக்காரங்க கூட இப்படி கிடையாதுங்க, சந்தேகமா இருந்தா லென்ஸ் போட்டு பாருன்னு எடுத்துக் கையில குடுப்பாங்க.

புதுசா வர்ற பிள்ளைங்க பாடு இன்னும் மோசம். ஸ்கேன் பண்ணித்தான் போடணும், முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும், ஏற்கனவே கேட்ட கேள்வின்னா நீக்கம். ஸ்கேனருக்கு அந்தப் பிள்ளை எங்க போகும், கரண்டே ஒரு நேரம் இருந்தா ஒரு நேரம் இல்ல.

வார்த்தைய மட்டும் பார்த்து வெட்டினா என்ன ஆகும்னு நம்ம நாட்டுக்குத் தெரியாதா? 2017ல ஃபேஸ்புக் 'கலா'ங்கற வார்த்தை இருந்த பதிவுகள எடுக்க ஆரம்பிச்சது ஞாபகம் இருக்கும். நம்மளையும் முஸ்லிம்களையும் திட்ட அந்த வார்த்தைய எடுத்து வீசறாங்க, அது உண்மை, நான் சின்ன வயசுலேர்ந்து வாங்கியிருக்கேன். எடுக்கணும்னு நினைச்சது நல்லதுக்குத்தான். ஆனா பர்மியத்துல கடலைப் பருப்பும் கலாபே, உக்கார்ற நாற்காலியும் கலாதைங். இடம் பொருள் பார்த்து எடுக்கறதுல சரியா செய்ய முடியலன்னு அந்த வருஷமே அவங்க எழுதி ஒத்துக்கிட்டாங்க. அத்தனை பெரிய கம்பெனி தடுமாறிட்டு தடுமாறினோம்னு சொல்லுது, நம்ம அட்மின் அண்ணன் மட்டும் 'செட்டியார்'னு ஒரு வார்த்தையப் பார்த்ததும் இனப் பிரச்சனைன்னு முடிவு பண்ணிட்டு, இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல.

அட்மின் வேலை லேசுப்பட்டது இல்ல, தெரியும். காசு வராது, திட்டு மட்டும் வரும், ராத்திரி பதினோரு மணிக்கு லாட்டரி விளம்பரம் போடறவன தொரத்தணும். அதனால பெருசா ஒண்ணும் கேக்கல. அழிக்கறதுக்குப் பதிலா கமெண்ட்ட மூடி வைங்க, அதுக்கு பட்டன் இருக்கு. உள்ள இருக்கறது பயமா இருந்தா எழுதினவருக்குச் சொல்லி எடுத்து வச்சுக்க ஒரு நாள் டைம் குடுங்க. விக்கறவங்க உங்க ஃபிரெண்டா இருந்தா அந்தப் பதிவுல நீங்க கைய வைக்காதீங்க, இன்னொரு அட்மின் பார்க்கட்டும், இன்னொரு அட்மின் இல்லன்னா முதல்ல ஒருத்தர போடுங்க. இந்தியாவுல இருக்கற ஒருத்தர் பேருக்கு குரூப்ப மாத்தலாம்னு கூட தோணுது, அவங்களுக்கு இங்க உள்ள பயம் இல்ல, உங்களுக்கும் பாரம் குறையும். ஒத்துக்குவீங்களான்னுதான் தெரியல.

இதப் படிச்சுட்டு என்னையும் எடுத்துடுவாங்கன்னு நினைக்கறேன். பரவால்ல.

ஒரு உதவி மட்டும். அய்யா எழுதினதுல அரிசி டின் வரைக்கும் என்கிட்ட ஸ்க்ரீன்ஷாட் இருக்கு. அதுக்கு அடுத்த கமெண்ட், அவங்க குடும்பம் கப்பல் ஏறும்போது கஸ்டம்ஸ்ல எதெத வாங்கி வச்சுக்கிட்டாங்கன்னு எழுதியிருந்தாரே, அது இல்ல. யார் ஃபோன்லயாவது இருந்தா இன்பாக்ஸ்ல அனுப்புங்க. அய்யா நம்பர் தெரிஞ்சவங்க அவர்கிட்ட கேட்டுட்டு எனக்குக் குடுங்க, தட்ட வேணாம், ஃபோன்லயே சொல்லட்டும், நான் ரெக்கார்ட் பண்ணி எழுதிக்கறேன்.